எல்லாருக்கும் தெரிந்த பாஸ்வேர்டு

எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் மீது எனக்கு எந்த மரியாதையும் கிடையாது. அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. மெஷின் மெதுவாக ஓடினால் ஃபார்மேட். பிரிண்டர் வரவில்லையென்றால் ஃபார்மேட். மவுஸ் ஒயரை எலி கடித்திருந்தாலும் ஃபார்மேட். பாக்கெட்டில் கிடக்கும் பென் டிரைவிலிருந்து திருட்டு விண்டோஸைப் போடுவார்கள். அது திருட்டு என்று தெரியாமல் இருக்க இன்னொரு திருட்டு மென்பொருளைப் போடுவார்கள். இரண்டாவது திருடன் உள்ளே வருவதற்குத் தடையாக இருக்கிறதென்று ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு, அதுதான் மெஷினை ஸ்லோ பண்ணிக்கொண்டிருந்தது என்று விளக்கமும் சொல்வார்கள். கூடவே, வீட்டிலிருந்தபடியே சரி செய்து கொடுப்பதற்கென்று ஒரு ரிமோட் மென்பொருளையும் விட்டுவிட்டுப் போவார்கள். நம் மக்களும் அவர்களை டாக்டரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

அண்ணியின் கடை மெஷின் அப்படிப்பட்ட ஒரு டாக்டரின் கையில்தான் வளர்ந்தது. அண்ணி என்றால் என் பெரியப்பா மகனின் மனைவி. கடத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் வரிசையில், உரக்கடைக்குப் பக்கத்தில் ஒற்றை ஷட்டர் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், அப்புறம் வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல் என்று மனு போடும் வேலை. அதற்காக அரசாங்கம் அவருக்கு ஒரு ஐடி கொடுத்திருந்தது. அந்த ஐடிதான் கடை. ஜெராக்ஸில் வாடகைகூட வராது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிக் காலேஜ் போனது நான்தான். அப்பாவும் பெரியப்பாவும் கைநாட்டு. அண்ணன் எட்டாவதோடு நின்று இப்போது தக்காளி லோடு வண்டி ஓட்டுகிறார். பிளஸ் டூ படித்த மருமகள் வந்ததில் பெரியம்மாவுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. மாடு கத்திக்கொண்டு கிடக்கும்போது இவள் அங்கே போய் டக்கு டக்கு என்று தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான் பெரியம்மா வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் சொல்லும் பேச்சு. கடை மூடுகிற நாளுக்காக அந்த வீடே காத்திருந்தது என்று சொன்னால் தப்பில்லை.

போன வருஷம் அந்த நாள் கிட்டத்தட்ட வந்தேவிட்டது. அண்ணியின் ஐடியிலிருந்து ஒரு வருமானச் சான்று மனு போயிருந்தது. பெயர் ஒருவருடையது, இணைத்திருந்த ரேஷன் கார்டு இன்னொருவருடையது, அதுவும் எழுத்தை மாற்றி ஸ்கேன் செய்தது. தாலுகா ஆபீசில் கூப்பிட்டு விசாரித்தார்கள். தான் போடவில்லை என்று அண்ணி சொன்னார். உங்கள் ஐடியில் நீங்கள் போடாமல் வேறு யார் போடுவார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இந்தத் தடவை எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். இன்னொரு தடவை நடந்தால் ஐடியை முடக்கிவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று வீட்டில் பெரியம்மா வழக்கத்துக்கு மாறாகத் தானே காபி போட்டுக் கொடுத்தாராம்.

அண்ணி எனக்குப் போன் செய்தபோது நான் அதியமான்கோட்டையில், ஹைவே மேல் இருக்கும் கம்பெனி ஆபீசில் இருந்தேன். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. பாதிப் பேச்சிலேயே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. சர்வீஸ்காரன் விட்டுவிட்டுப் போன ரிமோட் மென்பொருள். அதன் வழியாக எவனோ உள்ளே வந்திருக்கிறான். விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போடுவதுதான் இதற்கு ஒரே தீர்வு என்றேன். அதில் பிரிண்ட் வருமா என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவோடு போனேன். அந்த மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிபியு பெட்டியின் முன்பக்கத்தில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் ஒரு யுஎஸ்பி துளைக்குள் போய்க் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. குங்குமப் பொட்டு பவர் பட்டன் மேல். கடவுளுக்கு மூச்சு முட்டக்கூடாது என்று படத்தைக் காற்றாடும் இடத்தில் மாட்டுகிற ஜனங்கள், சிபியுவின் காற்று ஓட்டையை லேமினேஷன் ஷீட் கட்டுகளால் அடைத்து வைத்திருந்தார்கள். ஆன் செய்தால் டீ குடித்துவிட்டு வரலாம். டெஸ்க்டாப்பில் இடமே இல்லாமல் ஊரில் உள்ள அத்தனை பேரின் ஆதாரும் கிடந்தது. கல்யாணப் பத்திரிகை, ஆதார் முன்பக்கம், ஆதார் பின்பக்கம், செத்துப்போனவர் போட்டோ, மறுபடி ஆதார். யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். பிரவுசரைத் திறந்தேன். எல்லா பாஸ்வேர்டும் சேமித்து வைத்திருந்தது. எதையும் ஹேக் செய்யவே வேண்டாம்.

முதலில் அண்ணியின் மனுக்கள் சம்பந்தப்பட்ட ஃபைல்களை மட்டும் தனியாக ஒரு டிஸ்க்கில் எடுத்துக்கொண்டேன். பிறகு இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிக் காட்டினேன். பழைய மெஷின், ராம் குறைவு, அதனால் மெஷினுக்குச் சுமையில்லாத எளிய திரை அமைப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஜன்னல் பறப்பது, நிழல் விழுவது என்கிற பகட்டு எதுவும் இல்லாதது. கீழே ஒரு பட்டை, மூலையில் மெனு, அவ்வளவுதான். அண்ணி பிரவுசரைத் திறந்தார், மனு போடும் தளம் வந்தது. ஒரு ஃபைலைச் சேமித்தார், எங்கே போனது என்று தேடிக் கண்டுபிடித்தார். மேற்கொண்டு கேட்க எதுவும் இல்லை என்பதுபோல் என்னைப் பார்த்தார். ஆதார் சரிபார்க்கும் கைரேகைக் கருவி இதில் வேலை செய்யாது என்பதை முன்பே சொல்லியிருந்தேன். அந்த வேலையை அவர் போனிலேயே செய்துகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து சர்வீஸ்காரர் அந்த வழியாக வந்தார். திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"லினக்ஸா? அது சும்மா குடுக்கறதுங்க. சும்மா குடுக்கற மாத்திரையில காய்ச்ச போவுமா?"

நீங்கள் போட்ட விண்டோஸுக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்று கேட்டேன். ரெண்டு வாரத்தில் தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்ஸ்டால் சீக்கிரம் முடிந்தது. பிரிண்டர்தான் உயிரை எடுத்தது. கடைக்குக் கடை இருக்கிற அந்த வெள்ளை லேசர் பிரிண்டருக்கு டிரைவர் மென்பொருளைத் தேடிப் பிடிப்பதற்குள் மாலை ஆகிவிட்டது. முதல் தாள் வெளியே வந்ததும் அண்ணி அதை எடுத்து, திருப்பிப் பார்த்து, "கருப்பு நல்லா உழுவுதுங்க" என்றார். லினக்ஸுக்கு அந்தக் கடை வரிசையில் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

அதன் பிறகு பூட்டும் வேலை. தானாக அப்டேட் ஆகும்படி வைத்தேன். ஃபயர்வாலை ஓட விட்டேன். பிரவுசர் பாஸ்வேர்டுகளைச் சேமிக்காது, மூடினால் லாகின் எல்லாம் மறந்துவிடும். கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்குச் சிக்கல் வேண்டாம் என்று ஒரே ஒரு அக்கவுன்ட். பாஸ்வேர்டு பெயரும் வருஷமுமாக இருக்கக்கூடாது, ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும், யாருக்கும் தோன்றாததாக இருக்க வேண்டும் என்று நீளமாகச் சொல்லிக்கொடுத்தேன். அண்ணி யோசித்து, 'தக்காளி வெல ஏறவே ஏறாது' என்பதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தார். எனக்கே பிடித்திருந்தது. எந்த ஹேக்கருக்கும் வராத யோசனை. தாலுகா ஆபீசுக்கு இனி பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வாரத்திலேயே ஒரு நாள் கம்பெனி வேலையாக அந்தப் பக்கம் போகவேண்டியிருந்தது. சொல்லாமல் கடைக்குப் போனேன். அண்ணி இல்லை. அவர் நாற்காலியில் சட்டைப் பையில் நாலு பேனா குத்திய ஒருவர் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தார். உரக்கடை அண்ணா தன் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா தம்பி. உங்கண்ணி பாப்பா ஸ்கூல்ல மீட்டிங்குனு போயிக்கிது. பாஸ்வேர்டு நல்லா வச்சிக்கிறப்பா, நெனப்புல நிக்குது. ஆனா தக்காளி வெல ஏறும் பாரு, ஆடியில ஏறும்."

பஸ் ஸ்டாண்டில் இறங்கிய ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பேனாக்காரர் டைப் அடிப்பதை நிறுத்தாமல், "போன வருஷம் ஆடியில எங்க ஏறுச்சு?" என்றார்.

நான் திரையைப் பார்த்தேன். மனு போடும் தளம், அண்ணியின் ஐடி. உள்ளே போகத் தளத்தின் பாஸ்வேர்டு வேண்டும், அதுவும் உரக்கடைக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம் ஓடிபி வேண்டும். அந்த ஓடிபி வருகிற அண்ணியின் போன் பேனாக்காரரின் முழங்கைக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. அதற்கு லாக்கே இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்து ஓடிபியைப் பார்ப்பதற்கு வசதியாக வைத்திருந்தார்கள் போல. என் ஃபயர்வால் ஓடிக்கொண்டிருந்தது. அப்டேட்டும் ஆகியிருந்தது. உள்ளே வர எந்தத் திருடனும் எதையும் உடைக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் கதவைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, ஃபேனையும் போட்டு விட்டிருக்கிறார்.

பேனாக்காரர் ஒரு ரேஷன் கார்டு ஸ்கேனை ஏற்றிக்கொண்டிருந்தார். பெயர் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளை கொஞ்சம் அதிக வெள்ளையாக இருந்தது. நெட் ஒயரைப் பிடுங்கினேன்.

"யாருப்பா இது?"

அவர் கேட்டது என்னைப் பார்த்துக்கூட இல்லை, உரக்கடை அண்ணாவைப் பார்த்து. கொழுந்தனார், படித்தவர், இந்த மெஷினை மாற்றியதே அவர்தான் என்று அண்ணா அறிமுகம் செய்து வைத்தார், ஏதோ பெண் பார்க்க வந்த இடம் போல. முன்பு ஒரு மனு இதே மாதிரி போனதே, அதுவும் நீங்கள்தானா என்று கேட்டேன். பேனாக்காரர் தன் ஃபைலை எடுத்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு சாவகாசமாக எழுந்தார்.

"பேப்பர் குடுக்கறவன் என்னா குடுக்கறானோ அதத்தான் ஏத்தறது. நான் என்னா அதிகாரியா, சரியா தப்பான்னு பாக்க?"

ஆக அவரேதான். ரிமோட் மென்பொருளும் இல்லை, வைரஸும் இல்லை. சர்வீஸ்காரர் மேல் நான் போட்ட பழி அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தப்பு. மற்றதையெல்லாம் வாபஸ் வாங்குவதாக இல்லை.

பேனாக்காரர் போனதும், அவர் யாரென்று உரக்கடை அண்ணாவிடம் கேட்டேன். நம்ம ஆள்தான், தாலுகா ஆபீஸ் வாசலிலேயே இருப்பவர், எல்லாருக்கும் மனு எழுதிக் கொடுப்பவர் என்றார். அவர் பெயரே அண்ணாவுக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாக இருக்கும். தெரிந்தவர்களுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும், ஆனால் இருப்பதில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகிறவர்கள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். கொடுக்காமல் பையில் போட்டுக்கொண்டு போனால், அது பூட்டு இல்லை, ஒரு குற்றச்சாட்டு. உன்னை நம்பவில்லை என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டுப் போவதற்குச் சமம். பிறகு அந்த வீட்டு விசேஷத்தில் உங்களுக்குப் பரிமாறும்போது கரண்டி ஒரு மாதிரி சத்தம் போடும். ஊர் முழுக்க இப்படிச் சாவிகள் அடுத்தவர் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் நம்பிக்கை. நான் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை, நான் பஸ் ஏறிய அன்றே அண்ணி கொண்டுபோய் அந்த ஆணியில் மாட்டியிருக்கிறார்.

அண்ணி வந்ததும் சத்தம் போட்டேன். உரக்கடை அண்ணாவுக்குக் கேட்கட்டும் என்றுதான் போட்டேன். பேனாக்காரர் என்ன ஏற்றிக்கொண்டிருந்தார் என்று சொன்னதும் அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏறிவிட்டதா என்று கேட்டார். இல்லை, நான் ஒரு நிமிஷம் தாமதமாக வந்திருந்தால் ஏறியிருக்கும் என்றேன். போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு உரக்கடை அண்ணாவைப் பற்றிச் சொன்னார்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து தர்மபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடையைப் பார்த்துக்கொண்டவர் அந்த அண்ணாதான். தினமும் ஷட்டரை இறக்குபவரும் அவர்தான். மதியம் சாப்பிடப் போகும்போது ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான். "அவருகிட்ட சொல்லாம பூட்டிட்டுப் போனா நாளைக்கு அவரு மொகத்துல எப்படிங்க முழிக்கறது?" என்று கேட்டார்.

எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. முகத்தில் முழிப்பதற்காக ஐடியைக் கொடுப்பீர்களா?

"வூட்டுச் சாவிய குடுக்கறீங்க, சரி. பீரோ சாவியையும் சேத்து அவுத்துக் குடுப்பீங்களாண்ணி?"

குத்திக் காட்டத்தான் கேட்டேன். அண்ணிக்கு அது குத்தலாகவே படவில்லை. மெஷினைப் பார்த்தார்.

"இதுல பீரோ எங்கிருக்குதுங்க தம்பி? நீங்க வச்சது ஒரே கதவுதான?"

உண்மையில் ஒரே கதவுதான். கம்பெனியில் ஒரு ஆளுக்கு ஒரு அக்கவுன்ட் என்று கறாராகச் செய்கிறவன், இங்கே வந்து, கிராமத்து ஜனங்களுக்கு இது போதும் என்று செய்திருந்தேன்.

அங்கேயே உட்கார்ந்து இரண்டு அக்கவுன்ட் ஆக்கினேன். ஒன்றின் பெயர் 'கடை'. அதற்குப் பாஸ்வேர்டே கிடையாது. யார் வேண்டுமானாலும் கிளிக் செய்து உள்ளே வரலாம், பிரிண்ட் எடுக்கலாம், ஸ்கேன் செய்யலாம், பிரவுசர் பார்க்கலாம். வெளியே வந்ததும் உள்ளே செய்ததெல்லாம் அழிந்துவிடும், ஒருத்தர் ஆதார்கூட மிச்சம் இருக்காது. இன்னொன்று அண்ணியுடையது. மனு, பழைய ஃபைல்கள், மெஷினை மாற்றும் அதிகாரம் எல்லாம் அதில். தக்காளியை ஊரே பேசிவிட்டதால் புது வாக்கியம் ஒன்று நான் சொன்னேன், அவர் அடித்தார். தளத்தின் பாஸ்வேர்டையும் அப்போதே மாற்றினோம். போனுக்கு லாக் போட்டோம். அது இனி அண்ணியின் இடுப்புச் சுருக்குப்பையில்தான், சார்ஜ் போடுவது வீட்டில்தான்.

உரக்கடை அண்ணாவிடம் போய்ச் சொல்ல வேண்டியது பாக்கி. நானும் கூடப் போனேன், சண்டை வந்தால் பேசலாம் என்று.

"ணா, கடை மெஷினு உங்களுக்கு எப்பவும் தொறந்தேதான் இருக்கும். பாஸ்வேர்டையே எடுத்துட்டம். மனு மட்டும் நான் வந்துதான் போடணுமாம், மேல சொல்லிட்டாங்க."

மேலே யாரும் சொல்லவில்லை. ஆனால் அண்ணாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாஸ்வேர்டு இருந்தபோது இருந்த மரியாதையைவிட அது இல்லாதது பெரிய மரியாதையாகிவிட்டது. தனக்காகவே பூட்டை எடுத்துவிட்டார்கள் என்று அன்று சாயங்காலமே டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தாராம். பாதுகாப்பு என்றால் என்னவென்று அந்த மனிதருக்கு நான் சாகும்வரை சொல்லிப் புரியவைக்க முடியாது. இனி அதற்கு அவசியமும் இல்லை.

பேனாக்காரர் விடவில்லை. அடுத்த முறை அண்ணி இல்லாத நேரம் பார்த்து வந்து உட்கார்ந்திருக்கிறார். அண்ணாவும் பெருமையோடு 'கடை'யைத் திறந்து கொடுத்திருக்கிறார். தளம் பாஸ்வேர்டு கேட்டிருக்கிறது. பழையதை அடித்திருக்கிறார், போகவில்லை. ஓடிபிக்குப் போனைத் தேடியிருக்கிறார், போன் இல்லை. கடைசியில் அண்ணாவே அண்ணிக்குப் போன் போட்டுக் கொடுத்திருக்கிறார். பேப்பரை வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், நான் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று அண்ணி சொன்னாராம். பேனாக்காரர் பேப்பரை வைக்கவில்லை. மறுபடி வரவும் இல்லை. இப்போது வேறு எந்தக் கடையின் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாரோ. இந்த ஜில்லாவில் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட ஆளா இல்லை?

அதன் பிறகு தாலுகா ஆபீசிலிருந்து கூப்பிடவில்லை. ஐடி ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியம்மா பழையபடி மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிண்டர் மறுபடி மக்கர் செய்கிறதென்று போனேன். அண்ணி யாருக்கோ மார்க் ஷீட் லேமினேஷன் செய்துகொண்டிருந்தார். நானே உட்கார்ந்து அவர் அக்கவுன்ட்டைத் திறக்கப் பார்த்தேன். நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம்தானே, அடித்தேன். தவறு என்றது. கேப்ஸ் லாக்கா என்று பார்த்தேன், இல்லை. நிதானமாக மறுபடி அடித்தேன். தவறு.

"அது வராதுங்க தம்பி" என்றார் அண்ணி, மெஷினுக்குள் போய்க்கொண்டிருந்த மார்க் ஷீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் மாத்திட்டன்."

எப்போது என்று கேட்டேன்.

"நீங்க பஸ் ஏறுன ஒடனே."

என்னவென்று மாற்றினீர்கள், சொல்லுங்கள், நானே அடித்துக்கொள்கிறேன் என்றேன். அண்ணி மார்க் ஷீட்டைக் கத்தரித்து, வந்தவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். அடிக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார். எதற்காக நிற்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நான் எழுந்து ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.